நிர்பீக், நிடர், ப்ரபல்: ஒரு ரிவால்வரை எதை வைத்து எடைபோடுவது?

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒரு புது ரிவால்வரை வெளியிட்டது. பெயர் ‘நிர்பீக்’. அச்சமற்ற என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி இறந்துபோன மாணவிக்குப் பத்திரிகைகள் வைத்த ‘நிர்பயா’ என்ற பெயரிலிருந்துதான் இதை எடுத்தார்கள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், அரை கிலோதான் எடை என்றார்கள். நகைப்பெட்டி மாதிரி ஒரு அழகான பெட்டியும் கொடுத்தார்கள். விலை 1,22,360 ரூபாய்.

விலை அதிகம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியிலிருந்து ‘நிடர்’ வந்தது. அதற்கும் பயமில்லாத என்றே பொருள். எடை 250 கிராம், .22 தோட்டா, சுமார் 35,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து ‘ப்ரபல்’ வந்தது. வலிமையான என்று அர்த்தம். வெளியிட்டது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம். நம்ம திருச்சி ஆர்டினன்ஸ் ஃபேக்டரியும் இதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது.

மூன்று பெயருமே தைரியத்தைச் சொல்கின்றன. மூன்றுக்கும் செய்யப்பட்ட விளம்பரம் எடை, விலை, எவ்வளவு தூரம் சுடும் என்ற மூன்றைச் சுற்றியே இருந்தது. ஒரு ரிவால்வரின் தரத்தை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடுமா? இது சுட்டுப் பார்த்து எழுதும் ரிவ்யூ இல்லை. வெளியான எண்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் சட்டமும் சேர்த்துப் போட்ட கணக்கு.

முதலில், ‘டபுள் ஆக்‌ஷன்’ என்றால் என்ன?

பழைய கௌபாய் படங்களில் கட்டைவிரலால் பின்பக்கச் சுத்தியை (ஹேமர்) இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு ட்ரிகரை அழுத்துவார்கள். அது சிங்கிள் ஆக்‌ஷன். அங்கே ட்ரிகருக்கு ஒரே வேலை, நிறுத்தி வைத்த ஹேமரை விடுவிப்பது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் கட்டைவிரல் வேலை செய்தாக வேண்டும்.

டபுள் ஆக்‌ஷனில் எல்லா வேலையும் ட்ரிகர் தலையில். ஒரே இழுப்பில் ஹேமர் பின்னால் போகிறது, சிலிண்டர் ஒரு அறை சுழல்கிறது, சரியான இடத்தில் பூட்டிக்கொள்கிறது, கடைசியில் ஹேமர் விடுபட்டு அடிக்கிறது. 1851இல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் ரிவால்வரைக் கொண்டுவந்தார். 1856இல் பியூமான்ட் என்ற ராணுவ அதிகாரி அதில் ஒரு திருத்தம் செய்தார். கட்டைவிரலாலும் இழுக்கலாம், நேரடியாக ட்ரிகராலும் சுடலாம். இன்றைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களின் அடிப்படை அதுதான்.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காமல் ஏமாற்றினால் இன்னொரு முறை ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்துவிடும். மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு என்ற வேலையெல்லாம் கிடையாது. “பழக்கமில்லாதவர்களுக்கு ரிவால்வர்தான் நல்லது” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சும்மா கிடைக்கும் வசதி இல்லை. அத்தனை வேலையையும் செய்வது உங்கள் ஆள்காட்டி விரல். சிங்கிள் ஆக்‌ஷனில் ட்ரிகரை இழுக்கப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கிலோ விசை போதும். டபுள் ஆக்‌ஷனில் நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை சாதாரணம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், புரியும். அதுவும் சட்டென்று இல்லை, நீளமாக இழுக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கக் குழல் அசையக் கூடாது.

என்னைக் கேட்டால் ஒரு டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் எண் இந்த ட்ரிகர் விசைதான். விளம்பரத்தில் முதலில் வருவது எப்போதும் எடை.

எடை குறைந்தால் நல்லதா?

நிர்பீக் டைட்டானியம் கலவையில் செய்யப்பட்டது, அரை கிலோ அளவு. ப்ரபல் தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 700 கிராம். எடுத்துச் செல்ல நிர்பீக் சுகம். சுடும்போது?

இரண்டு கணக்கு போடலாம். முதல் கணக்கு ட்ரிகர். ஐந்து கிலோ விசையால் இழுக்கும் விரல், அரை கிலோப் பொருளைத் தன் எடையைப் போல் பத்து மடங்கு விசையால் ஒரு பக்கம் தள்ளப் பார்க்கிறது. 700 கிராம் என்றால் ஏழு மடங்கு. எடை குறையக் குறைய, இழுக்கும்போது குழல் ஆடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, பின்னுதைப்பு. .32 தோட்டாவின் குண்டு சுமார் 6.35 கிராம், விநாடிக்கு 215 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். உந்தம் மாறாது என்ற விதிப்படி (மருந்து வாயுவைக் கணக்கில் எடுக்காமல்) 500 கிராம் ரிவால்வர் விநாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 700 கிராம் ரிவால்வர் 1.95 மீட்டரில் வரும். உள்ளங்கை வாங்கும் ஆற்றலாகப் பார்த்தால் லேசான துப்பாக்கியில் சுமார் நாற்பது சதவீதம் அதிகம். .32 சின்னத் தோட்டா என்பதால் இரண்டுமே தாங்கக்கூடியதுதான், கையை உடைத்துவிடாது. ஆனால் ‘எடை குறைவு, அதனால் பெண்களுக்கு எளிது’ என்ற வாதம் சுமக்கும்போது மட்டும் சரி. சுடும்போது அப்படியே தலைகீழ்.

250 கிராம் நிடருக்கு இன்னொரு சிக்கல். .22 தோட்டாவில் வெடிக்கும் மருந்து நடுவில் இல்லை, அடிப்பாகத்து விளிம்பில் இருக்கிறது. விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்க வேண்டும். அதற்கு ஹேமர் பலமாக அடிக்க வேண்டும், ஸ்ப்ரிங் வலுவாக இருக்க வேண்டும், ட்ரிகர் கடினமாகும். இது எந்த நாட்டு .22 டபுள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கும் பொதுவான குறை. மிக லேசான உடம்பு, கடினமான ட்ரிகர் என்ற சேர்க்கை புதியவர்களுக்கு ஏற்றதே இல்லை.

ஏன் .32?

உலகம் முழுக்கச் சின்ன ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .38 ஸ்பெஷல். இந்தியாவில் மட்டும் ஏன் .32 கொடிகட்டிப் பறக்கிறது? காரணம் பொறியியல் இல்லை, சட்டம்.

நம் நாட்டு ஆயுத விதிகளில் ‘தடை செய்யப்பட்ட போர்’ என்று ஒரு வகை உண்டு. படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் அதில் வரும். .380, .455 விளிம்புத் தோட்டாக்கள், ராணுவ 9 மி.மீ. எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆங்கிலேயர் காலத்துப் பயம் இது. களவுபோன சர்க்கார் தோட்டா வெளியார் துப்பாக்கியில் நுழையக் கூடாது. அந்த வடிகட்டலில் தப்பி மிஞ்சியதில் ஓரளவு உருப்படியான ரிவால்வர் தோட்டா .32.

இந்த .32 லாங், அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1896இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு நியூயார்க் போலீசுக்கு கோல்ட் நிறுவனத்தின் .32 ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். அப்போது அவர் அந்நகரப் போலீஸ் கமிஷனர். பிறகு ஜனாதிபதியானார். அமெரிக்கப் போலீசார் காலப்போக்கில் .38க்கு மாறிவிட்டார்கள்.

காரணம் ஆற்றல். .32 லாங் சுமார் 150 ஜூல். .38 ஸ்பெஷல் 270 ஜூல் அளவு. .32 மோசமான தோட்டா என்று அர்த்தமில்லை. அது மிகத் துல்லியமானது, இன்றும் சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் சென்டர்ஃபயர் பிரிவில் பயன்படுகிறது. உதைப்பு குறைவு என்பதால் பழகுவதும் சுலபம்.

ஆனால் ‘சின்னத் தோட்டா’ என்ற சொல்லை இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். 1901 செப்டம்பர் 6 அன்று அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டது ஒரு மலிவான ஐவர் ஜான்சன் .32 ரிவால்வர். அதில் போட்டது .32 லாங்குக்கு முந்திய இன்னும் குட்டையான தோட்டா. அவர் இறந்தது செப்டம்பர் 14. எட்டு நாள் கழித்து, காயம் அழுகி. அந்தச் சின்னத் தோட்டா கொன்றது, ஆனால் அந்த நொடியில் ஆளை வீழ்த்தவில்லை. தற்காப்பு என்று வாங்குபவர் எதிர்பார்ப்பது இரண்டாவதை, அதாவது எதிரில் வருபவர் உடனே நிற்பதை. சின்னத் தோட்டா அதற்கு உத்தரவாதம் தராது. உயிரைப் பறிக்க மட்டும் தாராளமாகப் போதும்.

50 மீட்டர் என்ற எண்

ப்ரபல் வெளியானபோது தலைப்புச் செய்தியானது இதுதான். மற்ற ரிவால்வர்களைவிட இரு மடங்கு தூரம், 50 மீட்டர் வரை சுடும், ‘நீண்ட தூர ரிவால்வர்’.

குண்டு 50 மீட்டர் போகும். சந்தேகமே வேண்டாம், அதற்கு மேலும் போகும். குறி பார்த்த இடத்தில் படுமா என்பது வேறு கேள்வி. விநாடிக்கு 215 மீட்டர் வேகத்தில் 50 மீட்டரைக் கடக்கக் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் குண்டு 25 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கிவிடும். அது ஒரு முழம்கூட இல்லையே, சமாளிக்கலாம் என்று தோன்றலாம்.

பெரிய பிரச்சினை கண்ணும் கையும். ப்ரபலின் குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. இந்த அளவில் முன், பின் குறிகளுக்கு இடையே தூரம் 11 செ.மீ. இருந்தால் அதிகம். குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டரில் அது சுமார் 45 செ.மீ. விலகலாக மாறும். ஒரு ஆளின் மார்பு அகலத்தையே தாண்டிவிடுகிறது. அதே ஒரு மில்லிமீட்டர், 7 மீட்டரில் வெறும் 6 செ.மீ. நடுங்கும் கையில், ஐந்து கிலோ ட்ரிகரை இழுத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வைத்திருப்பது யாரால் முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. 50 மீட்டர் தள்ளி நிற்கிற ஒருவரைச் சுட்டுவிட்டு ‘தற்காப்பு’ என்று கோர்ட்டில் எப்படிச் சொல்வது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 37ஆவது பிரிவு எல்லை போடுகிறது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மீறிய தீங்கும் கூடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதேதான். ஐம்பது மீட்டர் என்பது பெரும்பாலும் ஓடித் தப்பிக்க இடமுள்ள தூரம்.

ஆக அந்த எண் பொய் இல்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தேவையே இல்லாத எண்.

உண்மையிலேயே முன்னேற்றமான ஒரு விஷயம்

ப்ரபலில் எனக்கு மதிப்பாகப் பட்டது சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பது. நிர்பீக் உட்பட நம்முடைய பழைய அரசு ரிவால்வர்கள் வெப்லி பாணியில் நடுவே மடங்கித் திறப்பவை. ஏர்கன் மாதிரி ‘மடக்கி’ தோட்டா போடுவது. அதில் எல்லா வெற்று உறைகளும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும் என்ற வசதி உண்டு. ஆனால் துப்பாக்கியின் சட்டமே இரண்டு துண்டு. ஒரு கீலும் ஒரு கொக்கியும்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. நாளாக ஆகக் கீல் தேயும், ஆட்டம் கொடுக்கும். பக்கவாட்டில் திறப்பதில் சட்டம் ஒரே துண்டு, சிலிண்டர் மட்டும் வெளியே வரும். உறுதியும் அதிகம், ஆயுளும் அதிகம்.

‘இந்தியாவின் முதல்’ என்று சொன்னார்கள், சரி. உலகக் காலண்டரில் பார்த்தால், கோல்ட் நிறுவனம் இந்த அமைப்பை 1889இல் அமெரிக்கக் கடற்படைக்குக் கொடுத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896இல் .32 லாங் தோட்டாவோடு சேர்த்து வெளியிட்ட ரிவால்வரும் பக்கவாட்டில் திறப்பதே. அதாவது ப்ரபலின் சிலிண்டர் அமைப்பும் .32 தோட்டாவும் சேர்ந்து 127 வருடத்துக்கு முன்பே ஒரே துப்பாக்கியில் இருந்தன.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ரிவால்வர் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் முழுமையடைந்த இயந்திரம். அதில் புதுமை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

விலை: யாருக்கு மலிவு?

அமெரிக்காவில் 2018இல் பிரேசில் நிறுவனமான டாரஸ் 856 என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா, 300 டாலர் சில்லறை. அன்றைய மதிப்பில் இருபதாயிரம் ரூபாய்ச் சில்லறை. அதற்கு முந்தைய வருடம் வந்த, அதே ஆறு தோட்டா கோல்ட் கோப்ராவின் பட்டியல் விலை 699 டாலர். பாதி விலைக்கு ஒரு போட்டியாளர் வர முடிந்தது. காரணம் போட்டி.

இங்கே நிலைமை வேறு. தனிநபர் துப்பாக்கி இறக்குமதியை 1980களிலேயே அரசு கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவருக்குப் புது ரிவால்வர் வேண்டுமென்றால் அரசுத் தொழிற்சாலைதான் கதி. 2020 வாக்கில் உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் தனியார் கூட்டில் ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. அதுவும் .32, விலை சுமார் 1,60,000. தனியார் வந்தும் விலை இறங்கவில்லை. விற்பனைச் சந்தை லைசென்ஸ் எண்ணிக்கையோடு கட்டிப்போடப்பட்டிருக்கும்போது எப்படி இறங்கும்?

சரி, 35,000க்கு நிடர் வந்ததே, அது மலிவுதானே? துப்பாக்கியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். கலெக்டர் அல்லது மாநகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, ‘ஏன் வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில். 2016 விதிகள் வந்த பிறகு பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 2019 திருத்தம் அந்தக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கியது. தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய அடி. ஐந்து கிலோ ட்ரிகர் பழக்கத்தால் மட்டுமே வசப்படும். மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கான தோட்டா. தோட்டாவும் குறைவு, சுட்டுப் பழக இடமும் எல்லா ஊரிலும் கிடையாது என்றால், வாங்கிய ரிவால்வர் அலமாரியில் தூங்கும். பழகாத கையில் ஒன்றேகால் லட்ச ரூபாய் ரிவால்வரும் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ரிவால்வரும் ஒன்றுதான்.

மலிவில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

விலையைக் குறைப்பதில் தப்பில்லை. மெருகு வேண்டாம், வேலைப்பாடுள்ள கைப்பிடி வேண்டாம், நகைப்பெட்டி வேண்டவே வேண்டாம். ஆனால் ஒன்றில் கை வைக்கக் கூடாது. கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பது.

பழைய ரிவால்வர்களில் ஹேமர் நேராகத் தோட்டாவின் மேல் சாய்ந்திருக்கும். தவறி விழுந்து ஹேமர் தரையில் பட்டால் வெடித்துவிடும். அதனால் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஐவர் ஜான்சன் 1890களிலேயே இதற்கு வழி கண்டது. ட்ரிகரை முழுதாக இழுத்தால் மட்டுமே ஒரு சின்னத் தகடு மேலே வந்து, ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும். ட்ரிகரைத் தொடாதவரை தகடு கீழே, அடி போய்ச் சேராது. ‘ஹேமரைச் சுத்தியலால் அடியுங்கள்’ என்றே விளம்பரம் செய்தார்கள். இத்தனைக்கும் அது சாமானியர் வாங்கும் விலைத் துப்பாக்கி. விலையுயர்ந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோ, 1944இல் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் கீழே விழுந்த அதன் ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்த பிறகுதான் தன் தடுப்பைத் திருத்தியது.

அமெரிக்கா 1968 சட்டத்துக்குப் பிறகு, இறக்குமதியாகும் ரிவால்வருக்கு ஒரு பரிசோதனை வைத்தது. ரிவால்வரின் எடைக்குச் சமமான எடையை 36 அங்குல உயரத்திலிருந்து ஹேமர் மேல் ஐந்து முறை போட வேண்டும். தாங்கினால்தான் உள்ளே. விலை எதுவானாலும் வாங்குகிறவர் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது. கைப்பையில் போட்டு எடுத்துச் செல்லும் பொருள் கீழே விழாமல் இருக்குமா?

எந்த ஆபத்துக்கு எதிராக?

இதுவரை இயந்திரத்தை எடைபோட்டோம். இனி, அது எதற்காக என்று விற்கப்பட்டதோ அதையும் தட்டில் வைக்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பது அளவுக்குக் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். குடும்பத்தார், பக்கத்து வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். இருட்டுத் தெருவில் தூரத்திலிருந்து ஓடிவரும் அந்நியன் என்ற காட்சிக்காகச் செய்யப்பட்ட கருவி, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு எதிராக எப்படி வேலை செய்யும்? அங்கே தேவைப்படுவது சொன்னால் நம்பும் குடும்பம், புகாரை எழுதிக்கொள்ளும் ஸ்டேஷன், முடியும் வழக்கு.

அந்நியன் என்றே வைத்துக்கொண்டாலும் நேரம் போதாது. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு கணக்கு சொன்னார். 21 அடி, அதாவது ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஒரு ஆள் ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுவார். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும், பயிற்சி பெற்ற போலீசுக்கே அது இழுபறி. கைப்பை ஜிப்பைத் திறந்து, குடைக்கும் செல்போனுக்கும் நடுவே தேடி எடுக்கிற ஒருவருக்கு?

மறுபக்கம், வீட்டில் துப்பாக்கி இருப்பதன் ஆபத்து 365 நாளும் இருக்கிறது. 2020இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் கலிஃபோர்னியாவின் 2 கோடியே 63 லட்சம் பெரியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் அது 35 மடங்கு. எந்த வழியிலானாலும் தற்கொலை என்று சேர்த்துப் பார்த்தால்கூட ஆண்களில் மூன்று மடங்குக்கு மேல், பெண்களில் ஏழு மடங்கு. அது அமெரிக்கச் சூழல், அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் காரணம் எல்லா ஊருக்கும் பொது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் வந்து கடந்து போகிற ஒன்று. கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் கடந்து போக அவகாசம் கிடைப்பதில்லை.

பெண்களைக் காக்க என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது இந்த 35 என்ற எண்ணை ஒதுக்கிவிட முடியாது.

என் கணக்கு

வெறும் இயந்திரமாகப் பார்த்தால் மூன்றில் ப்ரபல்தான் மேல். ஒரே துண்டுச் சட்டம், கையில் நிலைக்கும் எடை, நடுமருந்துத் தோட்டா. நிர்பீக் தன் விலைக்கு உரிய நியாயம் செய்யவில்லை. டைட்டானியத்துக்குக் கொடுத்த காசு சுமக்கும் சுகத்துக்கே போனது. நிடர் விலையில் மட்டும் மலிவு. மலிவாக்குவதற்காக எதைக் குறைத்தார்களோ அதுதான் புதியவருக்கு அதிகம் தேவை.

யாருக்கு? குறிப்பிட்ட மிரட்டல் இருக்கிறது என்று போலீஸ் பதிவே சொல்லும் ஒருவர், நகைக்கடைக்காரர், தனித்த தோட்ட வீட்டில் இருப்பவர், இவர்களில் ரேஞ்சுக்குப் போய்ப் பழகத் தயாராக உள்ளவருக்கு ஒரு நல்ல .32 ரிவால்வர் பொருத்தமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் கடையில் கேட்க வேண்டியவை நாலு. ட்ரிகர் இழுவிசை எத்தனை கிலோ? கீழே விழுந்தால் வெடிக்காமல் எது தடுக்கிறது? மாதம் எத்தனை தோட்டா சுட்டுப் பழக முடியும், எங்கே? வீட்டில் யார் கைக்கும் எட்டாமல் எங்கே பூட்டி வைப்பேன்? இந்த நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.

மகளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று யோசிக்கும் ஒரு அப்பா என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவள் எதைச் சொன்னாலும் திட்டாமல் கேட்டுக்கொள்ளும் வீடாக அது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். பத்தில் ஒன்பது வழக்குகளில் முதலில் தேவைப்படுவது அது. அதற்கு லைசென்ஸும் வேண்டாம்.